பட்டீஸ்வரம் குடும்பக் குழு: செந்தில் மகளுக்குப் பெயர்

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக் கிண்ணத்தில் பெயர் வெட்ட வேண்டும் என்பதால் பத்தர் இன்று மாலைக்குள் பெயரைக் கேட்டிருக்கிறார். நானும் கயலும் ‘குந்தவை’ என்று வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

முரளி சித்தப்பா: பள்ளியில் பிள்ளைகள் ‘குந்த வை, குந்த வை’ என்று கேலி செய்வார்களே, அதை யோசித்தீர்களா?

தேவி சித்தி: நட்சத்திரத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்பதை முதலில் சொல்லுங்கள்.

கயல்: பாப்பா திருவாதிரை, சித்தி. அதற்கு உரிய முதல் எழுத்தே ‘கு’தான். அங்கிருந்துதான் இந்தப் பெயர் எங்கள் நினைவுக்கு வந்தது.

சரோஜா அத்தை: அம்மா பெயர் என்ன ஆயிற்று? முதல் பெண் பேத்திக்கு அஞ்சம்மாள் என்று வைப்பதாக, அம்மா படுக்கையில் இருந்தபோது நடராஜன் அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

முரளி சித்தப்பா: அக்கா, உன் பேத்திக்கு ரித்திகா என்று வைத்தபோது அம்மாவின் நினைவு உனக்கு வரவில்லையா?

சரோஜா அத்தை: அவள் மகள் வயிற்றுப் பேத்தி. அந்த வீட்டுப் பெயரை அந்த வீட்டார்தான் வைப்பார்கள். தெரியாததுபோல் பேசாதே.

ரத்தினசாமி பெரியப்பா: சண்டை வேண்டாம். பெயரின் வரலாற்றை அறியாமல் ஏற்பதும் தள்ளுவதும் சரியில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். குந்தவை என்றவுடன் எல்லோருக்கும் இராசராசனின் தமக்கைதான் நினைவுக்கு வருகிறார். ஆனால் சோழர் வீட்டில் இந்தப் பெயர் அவருக்கு முன்பும் பின்பும் வழங்கியது. அவருடைய பாட்டனார் அரிஞ்சயனின் தேவியருள் ஒருவர் வீமன் குந்தவை. இராசராசன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டு, அவளைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அந்த மகளின் பேரன்தான் முதலாம் குலோத்துங்கன். அவன் தங்கையின் பெயரும் குந்தவை. அவள் 1114இல் தில்லைக் கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பற்றி அங்கே கல்வெட்டு இருக்கிறது. சரோஜா இதைக் கவனிக்க வேண்டும்: குலோத்துங்கனின் தங்கை சுமந்தது தன் அப்பாயியின் பெயரை.

சரோஜா அத்தை: அப்படியானால் அவர்கள் அப்பாயி பெயரை வைத்தார்கள், நாம் நம் அப்பாயி பெயரை வைப்போம். நீங்கள் எனக்காகத்தான் பேசுகிறீர்கள், அண்ணா.

முரளி சித்தப்பா: பெரிய அண்ணன் சொந்தப் பந்தில் அவுட் ஆகிவிட்டார்.

ரத்தினசாமி பெரியப்பா: நான் இன்னும் முடிக்கவில்லை. தமக்கை குந்தவையின் பெருமை அவர் அரசன் வீட்டுப் பெண் என்பதில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று இராசராசன் வெட்டச் சொன்னான். தேவியருக்கும் முன்னால் அக்காவை வைத்த அந்த வரிசை தற்செயலாக வந்திருக்காது. அதே கோயிலில் அவர் தம் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எடுத்தார். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் தனித்தனியே கோயில் கட்டினார். நம் ஊருக்குப் பக்கத்துப் பழையாறை அரண்மனையில் வாழ்ந்தவர் என்பதால், இந்தப் பெயரை வைக்க நம்மைவிட உரிமை உள்ளவர்கள் குறைவு என்பது என் கருத்து.

தேவி சித்தி: ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் குந்தவையாகத் திரிஷா மிக அழகாக இருந்தார்.

முரளி சித்தப்பா: இனி எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்பார்கள்.

கயல்: படம் 2022இல் வந்தது, மாமா. அதற்கு முன்பும் பின்பும் குந்தவை என்று ஒரு குழந்தையைக்கூட நான் சந்தித்ததில்லை. வானதி, பூங்குழலி, அருள்மொழி ஆகிய பெயர்களில் எனக்கே தோழிகள் இருக்கிறார்கள்.

ரத்தினசாமி பெரியப்பா: கயல் சொல்வது சரி. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதிய பிறகு, பல வீடுகளில் அந்தப் பெயர்கள் வந்தன. பூங்குழலி அவருடைய கற்பனைப் பாத்திரம்; கற்பனைப் பெண்ணின் பெயர் பரவியது, கல்வெட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் பரவவில்லை. குழலி, நதி என்பவை காதுக்கு மென்மையாக இருக்கின்றன. குந்தவையில் ஓர் அதிகாரத் தொனி இருப்பதால் பெற்றோர் தயங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தத் தொனிதான் பிடித்திருக்கிறது.

சரோஜா அத்தை: நான் தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியில்தான் படித்தேன். எங்களைப் பார்த்தாலே நடத்துநர் ‘குந்தவை எல்லாம் இறங்கு’ என்று கத்துவார். எனக்கு அது பேருந்து நிறுத்தத்தின் பெயராகத்தான் படுகிறது.

முரளி சித்தப்பா: அந்த நிறுத்தத்தில் மாமா காத்திருந்த கதையையும் எழுதலாமே, அக்கா.

சரோஜா அத்தை: முரளி, பிள்ளைகள் இருக்கும் குழு இது.

செந்தில்: அத்தை, ‘அஞ்சம்மாள் குந்தவை’ என்று இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் உங்களுக்குச் சம்மதமா?

தேவி சித்தி: கடவுச்சீட்டில் அவ்வளவு நீளமான பெயர் தொல்லை தரும். ஆங்கிலத்தில் ‘டி’ போடுவதா, ‘டி.எச்.’ போடுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சான்றிதழுக்கு ஒன்று, ஆதாருக்கு ஒன்று என்று ஆகிவிட்டால் பிறகு அலைச்சல்தான்.

ரத்தினசாமி பெரியப்பா: அவசரம் இல்லை. பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் ஒன்று சொல்ல மறந்தேன். இராசேந்திரனை வளர்த்ததில் குந்தவைக்குப் பெரும் பங்கு உண்டு என்பார்கள். அவன் பிறந்தது ஆடித் திருவாதிரையில்.

கயல்: பாப்பாவின் நட்சத்திரம்!

சரோஜா அத்தை: அண்ணன் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். தொட்டிலில் இட்டு, காதில் மூன்று முறை நான் அஞ்சம்மாள் என்றுதான் சொல்வேன். சான்றிதழில் என்ன எழுதுவது என்பதை நடராஜன் அண்ணன் சொல்லட்டும். காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார்.

செந்தில்: அப்பா, நீங்கள் சொல்லுங்கள்.

நடராஜன்: ஞாயிறு பந்திக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார். பெயரை நேரில் பேசிக்கொள்ளலாம். பத்தரிடம் ‘கு’ என்ற எழுத்தை மட்டும் இப்போது வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

சரோஜா அத்தை: அது என்ன ‘கு’? ‘அ’ எங்கே?

முரளி சித்தப்பா: எனக்கு ஆறு இலை.