மாடி பூட்டியிருக்கு, மீட்டர் மட்டும் ஓடுது. பொறுப்பு யாருடையது?

மாடிப்படி_2:
வணக்கம். கீழ் வீடு, மாடி வீடு இரண்டுக்கும் தனித்தனி சிங்கிள் பேஸ் சர்வீஸ். மாடி இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே எம்.சி.பி. (போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) எல்லாம் இறக்கியாச்சு. ஆனாலும் ரீடிங்கில் 180 யூனிட் ஏறியிருக்கிறது. கீழ் வீட்டு பில் வழக்கம்போலத்தான். மாடி மீட்டரில் ‘இ.எல்.’ என்ற சிவப்பு விளக்கு காலையில் எரிகிறது. கீழே பழைய கீசரை எடுத்துவிட்டுப் புதிது போட்டபோது ஆர்.சி.சி.பி. (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமில்லை என்றால் வெட்டும் சுவிட்ச்) டிரிப் ஆகிக்கொண்டே இருந்ததால் எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிட்டார். மீட்டர் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் பில் குறையுமா?

நியூட்ரல்_லிங்க்:
எழுதிக் கொடுப்பதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனதிலேயே விடை இருக்கிறது.

இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர் பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்) இரண்டிலும் கரண்டை அளக்கும். இரண்டும் சமமில்லை என்றால் ‘இ.எல்.’ எரியும், எது அதிகமோ அதை வைத்து யூனிட் ஏறும். உங்கள் கீசரின் பேஸ் கீழ் வீட்டிலிருந்து, நியூட்ரல் மட்டும் மாடி வீட்டு லிங்கில் (நியூட்ரல் வயரெல்லாம் சேரும் பட்டை) மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். 2 கிலோவாட் கீசர் என்றால் சுமார் 8.7 ஆம்பியர். அதே கரண்ட் இரண்டு மீட்டரிலும் ஓடும், இரண்டும் எண்ணும். தினம் ஒன்றரை மணி நேரம், 60 நாள்: சரியாக 180 யூனிட்!

சோதிக்க: கீசரை ஓட விட்டு மாடி மீட்டரின் பல்ஸ் விளக்கைப் பாருங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால் 2 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 107 முறை மின்னும். பிறகு மாடியில் டபுள் போல் மெயினை இறக்குங்கள். எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும், மெயின் நியூட்ரலையும் வெட்டும். அப்போது கீசரும் நின்றால் வயரிங்தான். மெயின் இறங்கியும் மாடி மீட்டர் மின்னிக்கொண்டே இருந்தால் அது மின்வாரியத்துக்குப் போக வேண்டிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. மெயினை இறக்கிய அந்த நிலையில், கீசர் வழியாக வந்து, மாடி நியூட்ரல் லிங்க்கிலேயே 230 வோல்ட் நிற்கும். கறுப்பு வயர்தானே என்று கை வைக்காதீர்கள்.

சர்வீஸ்_கட்டவுட்:
மேலே சொன்னது சரி. பொறுப்பைக் கேட்டதால்: மீட்டர், அதன் சீல், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் லைன் வாரியத்துடையது. மீட்டரிலிருந்து வெளியே வரும் வயர் முதல் நம் தலைமேல். ஆகவே வயரிங் கலப்பால் ஏறிய யூனிட்டுக்கு பில் குறையாது, கட்டித்தான் ஆக வேண்டும்.

மீட்டரே பழுது என்றால் கதை வேறு. செக்சன் ஆபீஸில் ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) மனுக் கொடுத்து, டெஸ்ட் கட்டணம் கட்டி, எம்.ஆர்.டி. (வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவு) சோதனை கேட்கலாம். பழுது உறுதியானால், தமிழ்நாட்டு மின் வழங்கல் விதித்தொகுப்புப்படி முந்தைய நான்கு மாத சராசரி, அதாவது இரண்டு பில் சராசரி போடுவார்கள். அதற்காக வீடு பூட்டியிருந்த கணக்கை வாயால் சொன்னால் போதாது, மனுவில் தேதியோடு எழுதுங்கள். அதுவரை டெர்மினல் கவரை யாரும் திறக்கக் கூடாது. சீல் உடைந்தால் மின்சாரச் சட்டம் 135-ஆவது பிரிவில் திருட்டு வழக்கு வரைக்கும் போகும்.

மாடிப்படி_2:
மெயினை இறக்கினேன். பல்ஸ் நின்றது, கீசரும் நின்றது. சரிசெய்யும்போது என்ன கவனிக்கணும்?

நியூட்ரல்_லிங்க்:
இரண்டு வீட்டு மெயினையும் இறக்கி, டெஸ்டரில் பார்த்துவிட்டு, கீசர் நியூட்ரலைக் கீழ் வீட்டு லிங்குக்கு மாற்றச் சொல்லுங்கள். டேங்க் மோட்டார் பைப்பில் இரண்டு வீட்டு வயரும் ஒன்றாக ஓடியிருந்தால் அங்கேயும் இன்னொரு கலப்பு இருக்கலாம். லோடு சுவிட்ச் எல்லாம் ஆஃப், பிளக் எல்லாம் கழற்றிய பிறகு, இரண்டு லிங்குக்கும் நடுவே மல்டிமீட்டர் பஸ்ஸர் வையுங்கள். சத்தம் வந்தால், மாடி லிங்கிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் நிற்கிறதோ அதுதான்.

முடிந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் திரும்பப் போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். கீசர் தண்ணீரும் கரண்டும் சேரும் இடம், ஆர்.சி.சி.பி. இல்லாமல் நேராகக் கொடுத்த எலக்ட்ரீஷியனை இந்த வேலைக்குத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

சர்வீஸ்_கட்டவுட்:
கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கும் கருவி) கிடைத்தால், கீசர் ஓடும்போது, மீட்டரிலிருந்து வரும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வுங்கள். சுழி காட்டினால் வேலை முடிந்தது.