கேஸ் இன்ஜினியர் தொழிலில் முதல் இரண்டு ஆண்டுகள்: அனுபவத்தை எங்கே பெறுவது?

ஹரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே பகலில் பயிற்சி நிலையத்துக்குப் போய், சனி ஞாயிறுகளில் உறவினர் ஒருவரின் வேனில் கூடவே சென்று செய்த வேலைகளுக்கு ஆதாரமான செய்முறைக் கோப்பை நிரப்பி, கடந்த மார்ச்சில் கேஸ் வேலைக்கான தகுதித் தேர்வான ஏசிஎஸ் பரீட்சையில் சித்தியடைந்தேன். அடிப்படைப் பாதுகாப்புக்கான சிசிஎன்1, வீட்டைச் சூடாக்கிச் சுடுநீரும் தரும் பாய்லருக்கான சென்வாட், அடுப்புக்கான சிகேஆர்1 ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன. ஆனால் லண்டனில் வரும் வேலை விளம்பரம் ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன. கேஸ் வேலை செய்பவர்கள் சட்டப்படி பதிய வேண்டிய கேஸ் சேஃப் பதிவேட்டில் என் பெயரிலேயே பதிந்து தனியாகத் தொழில் தொடங்கலாம். வாடகை வீடுகளுக்கு ஆண்டுச் சோதனையும் சர்வீசும் செய்யும் ஒரு நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. அதில் சம்பளம் குறைவு. அல்லது உறவினருடனேயே பாய்லர் மாற்றும் வேலைக்குப் போகலாம்; நாட்கூலி நல்லது, ஆனால் குழாய் வெட்டுவதற்கும் பழைய பாய்லரைத் தூக்குவதற்கும் மேல் அவர் என்னை விடுவதில்லை. எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். எந்த வழி என்னை உண்மையில் தொழில் தெரிந்தவனாக ஆக்கும்?

நீலச்சுடர்:

தம்பி, இரண்டாவது வழியை எடுங்கள். தென் லண்டனில் பதினாறு ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். என்னுடன் பரீட்சை எழுதியவர்களில் நேராகப் பாய்லர் பொருத்தப் போனவர்கள் அழகாகக் குழாய் வளைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பழுதான பாய்லருக்கு முன்னால் நின்றதும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. பொருத்துபவர் ஒரு நாளில் ஒரு புதிய பாய்லரைப் பார்க்கிறார். சர்வீசுக்குப் போகிறவரோ ஒரே நாளில் ஆறு வீடுகளில், ஆறு பேர் வெவ்வேறு காலங்களில் செய்த வேலையை அதன் பிழைகளோடு பார்க்கிறார்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அது என் இரண்டாம் ஆண்டு. தொட்டியில்லாமல் நேரடியாகச் சுடுநீரும் தரும் 30 கிலோவாட் கொம்பி பாய்லர். குளியலறையில் சுடுநீரை முழுவதும் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும். எனக்கு முன் வந்த இருவர் வெப்பப் பரிமாற்றித் தகட்டையும் கேஸ் வால்வையும் மாற்றி, வீட்டுக்காரரிடம் நானூறு பவுண்டுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மீட்டரில் கேஸ் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை வைத்தேன், 20.5 மில்லிபார் காட்டியது, குறை ஒன்றுமில்லை. பிறகு பாய்லரின் உள்வாயிலில் வைத்தேன், 15தான் இருந்தது. பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையே 1 மில்லிபாருக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், முன்பிருந்த சிறிய பாய்லருக்குப் போட்ட 15 மில்லிமீட்டர் குழாய், பதினான்கு மீட்டர் தூரமும் எட்டு முழங்கை வளைவுகளுமாக, அப்படியே கிடந்தது. 22 மில்லிமீட்டர் குழாய் போட்டதும் சுடுநீர் சரியாகிவிட்டது. பாய்லரில் எந்தப் பழுதும் இருந்ததே இல்லை.

ஆகவே சோதனைத் தாள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் பாய்லர் எரியும்போதுள்ள கேஸ் அழுத்தமான இயங்கு அழுத்தத்தையும் எரிவாயு நுகர்வையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பாய்லரை மட்டும் முழு வேகத்தில் எரியவிட்டு, இரண்டு நிமிடத்தில் மீட்டர் 0.080 கன மீட்டர் நகர்ந்தால், மணிக்கு 2.4 கன மீட்டர். அதாவது பாய்லருக்குள் போகும் எரிவாயுவின் மொத்த வெப்பம் ஏறத்தாழ 26 கிலோவாட். 24 கிலோவாட் வெளியே தரும் பாய்லருக்கு அது இயல்பான கணக்கு. நூறு வீடுகளில் இதைச் செய்தபின், எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தோன்றும். 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளில் 26(9) என்ற பிரிவு, ஒரு சாதனத்தில் வேலை செய்தபின் புகைப்போக்கி, எரிவதற்கான காற்று, இயங்கு அழுத்தம் அல்லது வெப்ப உள்ளீடு, பாதுகாப்பான இயக்கம் ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது. அதைச் சட்டத்துக்காகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் கற்றுக்கொள்வதற்காகவும் செய்யுங்கள்.

தேம்ஸ்கரை:

நீலச்சுடர் அண்ணா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. எல்லாச் சர்வீஸ் நிறுவனமும் பள்ளிக்கூடம் ஆகிவிடாது. சமூக வீடுகளைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதற்கு முன் இருந்த இடத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு வீடுகள் தருவார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று காசு. இருபது நிமிடத்தில் கதவைத் தட்டி, அளந்து, கழற்றி, துடைத்து, பூட்டி, தாளை எழுதி வெளியேற வேண்டும். அங்கே நான் பழகியது அவசரம் ஒன்றைத்தான்.

எனவே நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வீடுகள்? முதல் எத்தனை கிழமைகள் அனுபவமுள்ள ஒருவரோடு அனுப்புவீர்கள்? வீட்டுக்குள் நின்று சந்தேகம் கேட்டால் தொலைபேசியை எடுப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று: 'இது ஆபத்தானது, நிறுத்துகிறேன்' என்று சொல்லும் திடம் பயிற்சி நிலையத்தில் வருவதில்லை. எனக்கு அது ஒரு ஜனவரி மாதம், எண்பது வயது கடந்த ஓர் அம்மாவின் வீட்டில் வந்தது. அறையைச் சூடாக்கும் பழைய கேஸ் கணப்பு. சன்னல், கதவுகளை மூடி, ஐந்து நிமிடம் எரியவிட்டு, புகைக்குச்சியைக் கணப்பின் மேல்விளிம்பில் பிடித்தேன். புகைப்போக்கிக்குள் இழுபட வேண்டிய புகை, என் கையைச் சுற்றி அறைக்குள்ளேயே வந்தது. அந்த அம்மாவோ, முப்பது ஆண்டுகளாக அதன் அருகில்தான் உட்காருகிறேன், விட்டுவிடு மகளே என்று கெஞ்சினார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புகையில் இருக்கக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லி, அனுமதி பெற்று இணைப்பைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டைக் கட்டி, வேனில் இருந்த மின் சூடேற்றியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சம்மதிக்காமல் இருந்திருந்தால் 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைத்திருப்பேன். இத்தகைய நாளில் உங்கள் மேலாளர் உங்கள் பக்கம் நிற்பாரா என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

ஹரோவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வாய்க்கிழமை நேர்முகத்தில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். பாய்லருக்கே எதிர்காலம் இல்லை, மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வேலையை நேராகப் படி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போதே மாறிவிடலாமா?

குளிர்காலம்:

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மாறியவன், அதனால் பதில் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்சிலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புக்கு அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. 2023 அக்டோபர் வரை அது 5,000ஆக இருந்தது. வேலை பெருகுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மானியத்துக்குப் பொருத்துபவரிடம் இத்தகைய கருவிகளைப் பொருத்துவோருக்கான எம்சிஎஸ் தரச் சான்று இருக்க வேண்டும்; முதல் ஆண்டில் அதைத் தனியாளாகச் சுமக்க முயலாதீர்கள்.

பாய்லர் 70 பாகை நீரை அனுப்பிப் பிழைகளை மறைத்துவிடும். ஹீட் பம்ப் 45 பாகையில் ஓடும்போது சேறு படிந்த ரேடியேட்டரையும் சமன் செய்யாத வால்வையும் உடனே காட்டிக்கொடுக்கும். எனவே சர்வீஸ் வேலையில் ரேடியேட்டர்களின் போகும் குழாய், திரும்பும் குழாய் வெப்பநிலைகளைக் குறித்து வைக்கப் பழகுங்கள். பின்னால் மாறும்போது பாதிப் படிப்பு முடிந்திருக்கும். இடையில், அழுத்தச் சுடுநீர்த் தொட்டிகளுக்கான ஜி3 சான்றிதழை எடுத்துவிடுங்கள். இரண்டு தொழிலுக்கும் உதவும்.

நீலச்சுடர்:

தனியாகத் தொழில் தொடங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஏசிஎஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது அந்த முடிவை எடுத்தால் போதும். செவ்வாய்க்கிழமை போகும்போது, பாய்லர் புகையிலுள்ள வாயுக்களை அளக்கும் புகை அனலைசரை நிறுவனம் தருமா, நீங்களே வாங்க வேண்டுமா என்றும் கேட்டு வையுங்கள். பழையதை வாங்க நேர்ந்தால் அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதியைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.