புதுப்பிப்பு: சாம்பல் குறைவு, ஆனாலும் கோக் நொறுங்கியது ஏன்?

நிலக்கரியில் சாம்பலும் கந்தகமும் குறைவாக இருந்தும், அதைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கோக் பொடிப்பொடியாக நொறுங்குகிறதே என்று கேட்டிருந்தேன் அல்லவா, காரணம் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி வீங்கு எண் பார்த்தோம்: 1 கிராம் நிலக்கரித் தூளை மூடிய மூசையில் 820 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நல்ல நிலக்கரி உப்பிக்கொண்டு பொத்தான்போல் கெட்டியாக நிற்கும். எவ்வளவு உப்புகிறது என்பதற்குத் தரும் எண்தான் அது; எங்களுடையது 1-ஐத் தாண்டவில்லை (9 வரை போகலாம்). நிலக்கரிக் குவியல் வெகுநாள் வெட்டவெளியில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் ஏறினால் முதலில் போவது சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் தன்மை; அது போனால் கோக் கெட்டியாகாது. சாம்பல் கணக்கில் அது தெரியவே தெரியாது. குவியலின் உள்ளிருந்து எடுத்த மாதிரி 6 காட்டியது.

அப்புறம், சி.எஸ்.ஆர். (வினைக்குப் பிந்தைய கோக் வலிமை) பற்றிக் கேட்டவருக்கு: அது கோக்குக்கான சோதனை. 1100 டிகிரியில் 2 மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு பட்ட கோக்கை உருளையில் 600 சுற்று சுற்றவிட்டு, உடையாமல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கும் அனுப்பியிருக்கிறோம்.