ஜாவாவில் இரண்டு பட்டியலைச் சேர்க்கும்போது பழையதிலேயே ஒட்டலாமா?

செக்காலை வாசி
காரைக்குடியில் கல்யாண வேலைகளுக்கு ஒரு சின்னச் செயலி செய்கிறோம். பெண்வீடு, மாப்பிள்ளைவீடு என்று இரண்டு அழைப்புப் பட்டியல். இரண்டும் அரேலிஸ்ட் (நீளம் கூடக்கூடிய பட்டியல்), கல்யாணம் என்ற கிளாஸின் ஃபீல்டுகள், அதாவது கிளாஸ் முழுவதும் பயன்படுத்தும் மாறிகள். பந்திக் கணக்குக்காக ஒன்றாக்க வேண்டும். பெண்வீடு.ஆட்ஆல்(மாப்பிள்ளைவீடு) என்று, இரண்டாவதை முதலாவதின் கடைசியில் ஒட்டி, ஒரே வரியில் முடித்தேன். கூட வேலை பார்ப்பவர் கூடவே கூடாது என்கிறார். ஏன்?

பள்ளத்தூரான்
அந்த ஒரு வரியே போதும் தம்பி. 1998-இல் ஜாவா 1.2 வந்ததிலிருந்து இப்படித்தான் எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் உள்ளே இருக்கும் அரேயை ஒரே தடவை பெரிதாக்கி, மொத்தமாகக் காப்பி செய்துவிடும். இதற்குப் போய், இரண்டையும் தொடராக இணைத்துத் தரும் ஸ்ட்ரீம்.கான்கேட் போடுவதெல்லாம் படம் காட்டும் வேலை.

கண்டாங்கி
வேகத்தை யார் குறை சொன்னது அண்ணே? பெண்வீட்டுப் பட்டியலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அதுதான் சிக்கல். பெண் வீட்டார் பத்திரிகை உறைக்கு முகவரி அச்சடிக்கும்போது அதே பட்டியலைத்தான் எடுப்பார்கள். பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் மாப்பிள்ளை வீடு இரண்டு மடங்கு. நியூ அரேலிஸ்ட்(பெண்வீடு) என்று பிரதி எடுத்து, ‘மொத்தம்’ என்ற புதுப் பட்டியலை உண்டாக்கி அதில் ஆட்ஆல் போடட்டுமே, ஒரு வரிதானே கூடும்.

ஃபீல்டின் வகையை லிஸ்ட் என்று எழுதியிருந்து, நாளைக்கே யாராவது அதில் லிஸ்ட்.ஆஃப் தந்த, மாற்ற முடியாத பட்டியலை வைத்தால், ஓடும்போது ஆட்ஆல் எக்செப்ஷன் (பிழை) வீசும். கம்பைல் ஆகும்போது ஒரு முணுமுணுப்பும் இருக்காது.

பள்ளத்தூரான்
மெத்தடுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிற பட்டியலுக்கு எதற்குப் பிரதி? அப்புறம், பிரதி எடுத்தால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பட்டியல்தான் புதிது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் பழையதேதான். ‘மொத்தம்’ பட்டியலில் ஒருவருடைய போன் எண்ணை மாற்றினால் பெண்வீட்டிலும் மாறும்.

கண்டாங்கி
மெத்தடுக்குள் என்றால் ஒட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள். அவர் சொன்னது ஃபீல்டு.

செக்காலை வாசி
சரி, இரண்டு வீட்டுக்கும் உறவானவர்கள் இரண்டு தடவை வருகிறார்களே?

ஆத்தங்குடிக் கல்
ஒன்றையே இரண்டு முறை ஏற்காத லிங்க்டுஹேஷ்செட்டில் போட்டால் வரிசையும் கலையாது, இரட்டையும் போகும். ஆனால் இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றா என்று சொல்லும் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு என்ற இரண்டு மெத்தடையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஆளின் இரண்டு ஆப்ஜெக்டும் அதற்கு வேறு வேறு ஆள்தான். ஜாவா 16-இன் ரெக்கார்டு என்ற கிளாஸ் வகை இதைத் தானாகவே தரும், ஆனால் எல்லா ஃபீல்டையும் ஒப்பிடும். ஒரு பட்டியலில் போன் எண் விட்டுப்போயிருந்தால் ஒருவர் இருவராகிவிடுவார்.

பெயரை மட்டும் ஒப்பிட்டீர்களோ, தொலைந்தது. நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயர்தான் பேரனுக்கு. ஒரே ஊரில் எத்தனை சொக்கலிங்கம் இருப்பார்கள்! ஊர், வீட்டு விலாசம், பெயர் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அழைப்பும் தலைக்கு இல்லை, புள்ளிக்கு. கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கிளாஸுக்கே புள்ளி என்று பெயர் வைத்துவிடலாம்.

பள்ளத்தூரான்
தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஊர் ஒன்று, விலாசம் ஒன்று, பெயரும் ஒன்று. உங்கள் செட் பேரன் புள்ளியை முழுங்கிவிடுமே? ஆச்சிமார் காதில் விழுந்தால் கல்யாண வீட்டில் நிற்க முடியாது.

ஆத்தங்குடிக் கல்
அதுவும் சரிதான். அப்படியானால் பதியும்போதே புள்ளிக்கு ஓர் எண் கொடுத்து அதை ஒப்பிடுங்கள். எண் இல்லாத பழைய பட்டியல் என்றால் செட் வேண்டாம். மூன்றும் ஒத்துப்போகிறவர்களைத் திரையில் தனியாகக் காட்டுங்கள், யாரை நீக்குவது என்று வீட்டார் சொல்லட்டும்.

செக்காலை வாசி
எங்களுடையது எண் இல்லாத பட்டியல்தான். புது அரேலிஸ்டில் சேர்த்து, சந்தேகப் பெயர்களைத் தனியே காட்டிவிடுகிறேன்.

பள்ளத்தூரான்
பந்திக் கணக்குக்குத்தான் இவ்வளவும் என்றால் இரண்டு சைஸையும் கூட்டினால் முடிந்தது. பட்டியலே சேர்க்க வேண்டாம்.

கண்டாங்கி
இரண்டு வீட்டுக்கும் வேண்டியவருக்கு இரண்டு இலை போடுவீர்களா அண்ணே?

பள்ளத்தூரான்
போடுவேன். நம்ம பக்கம் இலை கூடிப்போனால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், குறைந்தால்தான் பேச்சு.