புதுப்பிப்பு: எலக்ட்ரானிக்கா, மேனுவலா? ரீபிரீதர் வாங்கியாயிற்று

ரீபிரீதரில் (விட்ட மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து மறுபடி சுவாசிக்க வைக்கும் டைவிங் கருவி) ஆக்சிஜன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் நல்லதா, நாமே கண்காணித்துச் சரிசெய்யும் மேனுவல் நல்லதா, மூச்சுப்பை (விட்ட மூச்சு போய்ச் சேரும் பை) முதுகில் இருக்கட்டுமா தோளிலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. தோள்பை வைத்த எலக்ட்ரானிக் மாடலை எடுத்துவிட்டேன்.

கைகொடுத்தது, "ஒப்பீட்டு அட்டவணையை மூடிவிட்டு, இரண்டு பை வகையையும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் புரண்டு பாருங்கள்" என்ற யோசனைதான். குப்புற நீந்தும்போது முதுகுப்பை நுரையீரலுக்கு மேலே, குறைந்த நீரழுத்தத்தில் இருக்கிறது. மூச்சை இழுக்க மல்லுக்கட்ட வேண்டும், விடுவது சுலபம். மல்லாந்தால் அப்படியே தலைகீழ். தோள்பையில் இந்த வித்தியாசம் குறைவு. ஆனால் மார்புப் பக்கம் ஒரே அடைசல். ஸ்டேஜ் சிலிண்டர் (பக்கவாட்டில் மாட்டும் கூடுதல் சிலிண்டர்) கொக்கியைத் தடவித்தான் தேடுகிறேன்.

மேனுவலை விட்டதற்குக் காரணம் ஆழம். நான் பார்த்தது சிறுதுளை வழியே ஆக்சிஜன் சீராகக் கசியும் வகை. வெளியே நீரின் அழுத்தம், ரெகுலேட்டரின் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் வால்வு) நிலையான அழுத்தத்தை நெருங்க நெருங்க, வரத்து குறைந்து நின்றே போகும்.

எதிர்பாராத ஒன்று: மேலே ஏறும்போது ஆக்சிஜனின் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) இறங்குகிறதல்லவா, செட்பாயிண்டான (இலக்கு அளவு) 1.3 பாரைப் பிடிக்க, ஆக்சிஜனை உள்ளே விடும் மின்வால்வான சோலனாய்டு டக் டக்கென்று திறந்துகொண்டே இருந்தது. லூப் (மூச்சு சுற்றிவரும் குழாயும் பையும்) உப்பி, மிதப்பு கூடி, ஆளையே மேலே இழுத்தது. இப்போது மூக்கு வழியாக வாயுவை விட்டுக்கொண்டே ஏறுகிறேன். செட்பாயிண்டைக் குறைத்தாலும் அடங்கும், ஆனால் டிகம்ப்ரஷன் நேரம் (உடலில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் காத்திருக்கும் நேரம்) நீளும்.

அப்புறம், ஆக்சிஜன் சென்சார் பற்றிக் கேட்டவருக்கு: நான் பார்த்த இரண்டிலுமே மூன்று கால்வனிக் செல்கள்தான் (ஆக்சிஜனுக்கு ஏற்ப மின்சிக்னல் தரும் சென்சார்கள்).