ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம்: சேர்வராயன் மலையின் நிழல் மரங்களுக்குப் பயன் உண்டா?

மணிமுத்தாறு:
காப்பி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம் ஆகிய ஏழு பொருள்கள் பற்றி 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தவை என்றால் அங்கே விற்க முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடக் குறியீட்டோடு காட்ட வேண்டும். 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியதை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போது பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று இருக்கிறது.

இந்தத் தள்ளிவைப்பு எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் பாருங்கள். காப்பிக்கு நிழலாகப் பலாவும் அத்தியும் ஈட்டியும் கவிந்து நின்ற சரிவுகளில் இன்று சில்வர் ஓக் மரம் வரிசை வரிசையாக நிற்கிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. நல்ல விலை கிடைக்கிற நேரத்தில், வாங்குகிறவரே மரத்தைப் பற்றிக் கேட்டால்தான் தோட்டக்காரர்கள் காது கொடுப்பார்கள். ஆகவே இந்தச் சட்டத்தை நாம் வரவேற்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

நாகலூர் விவசாயி:
நான் மறுக்கிறேன் ஐயா. எனக்கு இருப்பது மூன்று ஏக்கருக்கும் குறைவு. எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களில் பல குடும்பங்களின் நிலை இதுதான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் பிரித்துக்கொண்டது வாய்ப்பேச்சில். நிலம் எங்கே என்று மட்டும் அந்தச் சட்டம் கேட்கவில்லை, விளைச்சல் உள்நாட்டுச் சட்டப்படி சரியாக விளைந்ததா என்றும் கேட்கிறது. அதற்கு நான் எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

நான் காப்பிப் பழத்தை மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுகிறேன். அவர் ஊர்ப் பழம் முழுவதையும் ஒரே களத்தில் கொட்டுகிறார். நாளைக்குக் காகிதம் இல்லாத பழம் என்று கிலோவுக்கு ஐந்தோ பத்தோ குறைத்தால், குறைகிற காசு என்னுடையது.

இன்னொன்றும் கேட்கிறேன். இதே மலையின் உச்சிகளை வெட்டி மேட்டூருக்கு லாரி லாரியாக அலுமினியத் தாதுவான பாக்சைட்டை இறக்கினார்கள். அப்போது எந்த நாட்டுக்காரர் வந்து மரத்தைப் பற்றிக் கேட்டார்? அந்த ஏழு பொருள் பட்டியலில் இன்றைக்கும் அலுமினியம் கிடையாது. சுரங்கத்தை விட்டுவிட்டுச் செடி வைத்தவனிடம் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

ஏற்றுமதிக் கணக்கர்:
இருவருமே சட்டத்தில் இல்லாத ஒன்றுக்காகச் சண்டை போடுகிறீர்கள். ஏற்றுமதி ஆவணங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் நாகலூர் அண்ணாவுக்கு. 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்கு எல்லைக்கோடு வரைந்து தர வேண்டியதில்லை. நிலத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புள்ளி போதும். பொறுப்பு முதன்மையாக அங்கே இறக்குமதி செய்கிறவருடையது. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட காடழிப்பு அபாயத் தரவரிசையில் இந்தியா குறைந்த அபாய நாடுகளில் இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறவர்களில் 1 விழுக்காட்டினரைச் சோதிப்பார்கள், நடுத்தர அபாயம் என்றால் 3, அதிக அபாயம் என்றால் 9. காப்பி வாரியமும் செயலி வழியாக விவசாயிகளைப் பதிந்துவருகிறது. பட்டாச் சிக்கல் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இந்தச் சட்டத்துக்கு முன்பே உங்களுக்கு வங்கிக் கடனையும் மானியத்தையும் மறித்துக்கொண்டிருந்த சிக்கல்.

அடுத்து மணிமுத்தாறு ஐயாவுக்கு. அந்தச் சட்டப்படி காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் கவிகை, அதாவது மரக்கிளையும் இலையும் மேலே மூடியிருக்கும் பரப்பு. முதன்மையாக வேளாண்மை நடக்கும் நிலம் இதில் சேராது. மரத்தடியில் பயிர் செய்யும் தோட்டமும் சேராது. நம் மலையில் 19-ம் நூற்றாண்டிலேயே காப்பித் தோட்டமாகிவிட்ட சரிவில், மிச்சம் இருக்கிற ஒரே அத்தியை நாளைக்கு வெட்டி சில்வர் ஓக் வைத்தாலும் அந்தக் காப்பி தடையில்லாமல் ஐரோப்பா போகும். காடு தோட்டமாவதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கிறது. தோட்டத்துக்குள் எந்த மரம் நிற்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

மணிமுத்தாறு:
எழுத்தின்படி நீங்கள் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் குறியீடு வந்துவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் கவிகை கூடியதும் குறைந்ததும் தெரிந்துவிடும். நிழலில் விளைந்த காப்பி என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் அதைக் கட்டாயம் பார்ப்பார்கள். நம்மிடம் இதுவரை அப்படிப்பட்ட பதிவே கிடையாது. யார் எதை வெட்டினார்கள் என்பது லாரி இறங்கிப் போன பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது.

பறவைக் குறிப்பேடு:
கவிகை தெரிந்தால் மட்டும் போதாது ஐயா, அது எந்த மரத்தின் கவிகை என்பதுதான் கேள்வி. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களில் காட்டைச் சார்ந்து வாழும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 79 இனங்கள் இருந்தன. அராபிகாத் தோட்டங்களில் சராசரிக் கவிகை 95 விழுக்காடு, ரோபஸ்டாவில் 80. நம் மலையில் பெரும்பாலும் அராபிகாதான். ஆகவே நாட்டு மரங்களோடு இருக்கும் தோட்டம் காட்டுக்கு மாற்று இல்லையென்றாலும் காட்டுப் பறவைக்கு இரையும் ஒதுங்க இடமும் தருகிறது. சில்வர் ஓக்கில் பறவை தின்னும் பழம் கிடையாது. பூக்கும் காலத்தில் தேன் உண்டு, பிறகு ஒன்றும் இல்லை. அத்தி அப்படி இல்லை, மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் காய்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் தலைமுறை:
மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த கணக்கைக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். அங்கே பெய்யும் மழை வேறு, இங்கே பெய்வது வேறு.

தோட்டம் வைத்திருப்பவன் பேசுகிறேன், கொஞ்சம் கேளுங்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம் என்று குறை சொல்கிறீர்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. நேராக வளர்கிறது, மிளகுக் கொடி ஏறத் தோதாக இருக்கிறது, காப்பி ஏமாற்றுகிற ஆண்டில் மிளகு கூலி கொடுக்கிறது. முன்பு மிளகுக்கு முள்முருங்கை இருந்தது. 2005-க்குப் பிறகு முடிச்சுக் குளவி வந்து இலையெல்லாம் கொப்புளம் கட்டி அது பட்டுப்போயிற்று. அப்போது எங்களுக்கு மாற்று சொல்ல யார் வந்தார்கள்? கைக்குக் கிடைத்தது சில்வர் ஓக். அதன் வேருக்கு மண்ணில் கட்டுண்ட பாஸ்பரசைக் கரைத்து எடுக்கும் திறனும் உண்டு.

நாட்டு மரம் ஏன் வைப்பதில்லை என்ற கேள்விக்கு விடை எங்கள் மனதில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தப் பட்டா நிலத்திலும் குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. என் அனுபவத்தில் சில்வர் ஓக்குக்கு அந்த அனுமதி ஒருவழியாகக் கிடைத்துவிடும். தானாக முளைத்து வளர்ந்த மரத்துக்கு அலைந்தே ஓய்ந்துபோவோம். ஈட்டிக்குத் தனியாக 1994-ல் ஒரு சட்டம் போட்டு 15 ஆண்டுக்கு வெட்டத் தடை, 2010-ல் இன்னும் 15 ஆண்டு. பலன் என்ன? களையெடுக்கும்போது ஈட்டிக் கன்று கண்ணில் பட்டால் அரிவாளால் சீவிவிடுகிறார்கள். முப்பது ஆண்டில் பெரிய மரங்கள் நின்றன, அடுத்த தலைமுறை மரம் முளைக்கவில்லை. பாதுகாக்க வந்த சட்டமே கன்றுக்கு எமனாயிற்று.

பறவைக் குறிப்பேடு:
கன்றைச் சீவியது சட்டம் இல்லை, அரிவாள். அதைப் பிடித்த கைக்கும் பொறுப்பு உண்டு. தடை இல்லாமல் இருந்திருந்தால் ஈட்டி விற்கிற விலைக்குப் பெரிய மரங்களும் இறங்கிப்போயிருக்கும்.

சில்வர் ஓக் நிழல் கொடுக்கிறது என்பதற்கு ஒரு கேள்வி. மிளகுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் பக்கக் கிளைகளை மேலே வரைக்கும் கழித்துவிடுகிறீர்கள். வெயில் நேராகக் காப்பித் தண்டில் விழுகிறது. தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். உங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் எத்தனை செடி பிடுங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

நாகலூர் விவசாயி:
அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பிடுங்குகிற வேலையும் நாங்கள்தான் செய்கிறோம். முதலில் ஒரு செடி மட்டும் இலை பழுத்துத் தொங்கும். தண்டைத் தடவினால் பட்டைக்கு அடியில் வளையம் வளையமாக மேடு தட்டும். வெட்டிப் பிளந்தால் உள்ளே மாவு இடித்து அடைத்த மாதிரி தூள், அதற்கு நடுவில் வெள்ளைப் புழு. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும், விட்டால் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறை வண்டு பறக்கும். அதற்கு முன்னால் தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்துப் பட்டை வெடிப்பை வழுவழுப்பாக்கிச் சுண்ணாம்பு அடிப்போம். நாள் முழுவதும் குனிந்தே செய்கிற வேலை.

என் நிலத்தில் பலா நிழலில் நிற்கிற செடிகளில் புழு குறைவு. வெட்டவெளிச் சரிவில்தான் அதிகம். அதனால் நாட்டு மரம் வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பறவையை எண்ணுகிறவர்கள் காட்டுமாட்டையும் எண்ண வேண்டும். பலாப்பழம் உதிர்கிற மாதத்தில் குரங்கும் காட்டுமாடும் தோட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. விடியற்காலையில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் மாட்டுக்கு எதிரே போய் நிற்கிறார்கள். அந்தப் பயம் எந்த ஆய்விலும் வருவதில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
மலைக்குக் கீழே இருப்பவர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் சரிவுகளில்தான் பிறக்கின்றன. சேலத்துக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர் என்பதால் மேலே மரம் போவது எங்களுக்கு உறைப்பதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோதுதான் மலை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சரிவுக்கு மர மாற்றம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலைக்காக மலையை வெட்டிய இடங்கள் அவை. ஆனால் பல அடுக்கு மரமும் மக்கிய சருகும் உள்ள மண் மழையை வாங்கி மெல்ல விடும். அந்தப் பலன் கீழே உள்ள ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் வருகிறது. அதற்கு நாங்கள் மேலே இருப்பவர்களுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை.

கோடை விழாவுக்கு மே மாதம் எவ்வளவு கூட்டம் ஏறுகிறது! அதில் வரும் பணத்தில் ஒரு பங்கை, நாட்டு மரம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு மரத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுக்கலாம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியபோது மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடு ஆக்குவோம் என்றார்கள். புதிதாகக் கன்று வைப்பவருக்குப் பாராட்டு உண்டு, நூறு வயது மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாம் தலைமுறை:
அம்மா சொல்வது ஒன்றுதான் இந்த விவாதத்தில் எனக்கு ஏற்புடையது. ஆனால் பணம் மட்டும் போதாது. நான் வைத்த மரத்தை நான் வெட்டலாம் என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு என் நிலத்தில் பாதிக்கு நாட்டு மரம் வைக்கிறேன். கொடுக்காத வரைக்கும் சில்வர் ஓக்தான்.

மணிமுத்தாறு:
இதற்கு நான் ஒருக்காலும் ஒப்ப மாட்டேன். நட்ட மரம் எது, தானாக வளர்ந்த மரம் எது என்று இருபது ஆண்டு கழித்து யார் சொல்வது? அந்த ஓட்டை வழியாகப் பழைய மரம் எல்லாம் இறங்கிவிடும். 1955 சட்டம் மெதுவாக நடக்கிறது என்றால் அனுமதிக்குக் கெடு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சட்டத்தையே தளர்த்தச் சொல்லாதீர்கள்.

ஏற்றுமதிக் கணக்கர்:
எது நட்ட மரம் என்று சொல்ல முடியும் ஐயா, நட்ட அன்றே பதிந்தால். வனத்துறை நாற்றங்காலில் கன்று வாங்கிய ரசீது, இடக் குறியீட்டோடு எடுத்த படம், தேதி, இந்த மூன்றும் போதும். காப்பிக்காக எப்படியும் நிலத்தின் புள்ளியை எடுக்கிறோம், அதோடு மரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பா இதைக் கேட்கவில்லை, நமக்காக நாம் வைத்துக்கொள்கிற கணக்கு. பதிவில் இல்லாத மரம் எல்லாம் பழைய மரம், அதற்கு இன்றைய சட்டமே தொடரட்டும்.

மூன்றாம் தலைமுறை:
பதிவு செய்யத் தயார். பதிந்த மரத்துக்கும் குழு முன்னால் நிற்க வேண்டும் என்றால் பதிந்து என்ன பயன்? முதலில் அதற்குப் பதில் வரட்டும்.

நாகலூர் விவசாயி:
நீங்கள் இருவரும் முடிவுக்கு வருவதற்குள் ஜூன் மழை வந்துவிடும். என் மேல்சரிவில் முள்முருங்கை பட்டுப்போன இடங்கள் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. சந்தன வேம்பு வைக்கச் சொல்லிப் பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி சொல்கிறார். வைக்கலாமா?

பறவைக் குறிப்பேடு:
வெயில் நேராக அடிக்கிற பக்கம் என்றால் வேண்டாம் அண்ணா. சந்தன வேம்பு வறட்சிக் காலத்தில் இலை கொட்டிவிடும், உங்களுக்கு நிழல் தேவைப்படுவதே அப்போதுதான். மேற்கே பலாவும் நாவலும் வையுங்கள். அத்தி வேண்டுமென்றால் கன்று தேட வேண்டாம், மழை தொடங்கியதும் கை மொத்தத்தில் கிளைப் போத்து வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். காட்டுமாடு வரும் தடத்தில் மட்டும் பலா வேண்டாம்.

நாகலூர் விவசாயி:
அப்படியே செய்கிறேன். நாற்றங்கால் ரசீதையும் எடுத்து வைக்கிறேன். பெயர் மட்டும் தாத்தா பெயரில்தான் போட வேண்டியிருக்கும்.