‘கொடி’யை ‘கெரடி’ என்று வாசிக்கும் பிள்ளைகள்: ஒரே டேப்லெட், சிக்னல் கிடையாது

கேள்வி | மலைப்பள்ளி டீச்சர், ஏற்காடு

வணக்கம். நாலாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள். வாய்க்கணக்கு பட்டென்று வருகிறது, கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால்தான் தடுமாற்றம்: ‘கொடி’ ‘கெரடி’ ஆகிறது, ‘கௌதாரி’ ‘கெளதாரி’ ஆகிறது. கண், காது பார்த்தாயிற்று, குறை இல்லை. கையில் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். பள்ளியில் சிக்னல் எட்டாது. நெட் இல்லாமல் தமிழை வாசித்துக் காட்டுமா? கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு இப்போதே போக வேண்டுமா?

பதில் 1 | சிறப்புப் பயிற்றுநர், சேலம்

டீச்சர், ‘கெரடி’ கவனக்குறைவு இல்லை. கண் இடமிருந்து வலமாகக் கொம்பு, க, கால் என்று போகிறது. வாயில் வர வேண்டியதோ முதலில் ‘க்’, பிறகு ‘ஒ’. போதாததற்குப் பல அச்செழுத்துகளில் துணைக்காலும் ‘ர’வும் அச்சு அசல் ஒன்றேதான். கண்ணில் பட்டதைப் பிள்ளை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது.

இதற்கு டேப்லெட் வேண்டாம், அட்டை போதும். உயிர்மெய் ‘க’ கறுப்பில் ஓர் அட்டை, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சிவப்பில் தனித்தனி அட்டை. ‘க’வை நடுவில் வைத்து ‘க்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘ஒ’ என்னும்போது இரண்டு சிவப்பு அட்டைகளையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இருபுறமும் தள்ள வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பிள்ளை மறுபடி ‘கெ’யில் நின்றுவிடும். அப்புறம் அதையே மணல் தட்டில், ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். மணல் அரை சென்டிமீட்டர் போதும். கூடினால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்.

தினம் 15 நிமிடம். கொ, தொ, பொ, மொ ஒரு வாரம். அதே வாரத்தில் ‘கெ’யைத் தொடாதீர்கள், இரண்டும் குழம்பும். ‘கௌ’ வரும் சொற்கள் குறைவு, கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

நீளச் சொல்லைப் பென்சிலால் வெட்டிக் கொடுங்கள்: பள்|ளிக்|கூ|டத்|தில். புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடு ஒட்டும், அவ்வளவுதான் விதி.

இன்னொன்று. ‘வந்தது’ என்பதை ‘வந்துச்சு’ என்று வாசித்தால் தப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொருள் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

பதில் 2 | அஞ்சுரோடு கணினிக்காரன்

நெட் இல்லாமல் வாசிக்கும் மேடம். ஆனால் குரலைக் கீழே வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டுதான் மலையேற வேண்டும். செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடுங்கள். கூகுள் இன்ஜின் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா’வில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், ரொம்பக் குறைத்தால் சொல் இழுபட்டுப் புரியாது. அடுத்து ஆக்ஸசிபிலிட்டியில் ‘செலக்ட் டு ஸ்பீக்’கை ஆன் செய்யுங்கள், திரையில் தொட்ட வரியை அதுதான் வாசிக்கும். கிளம்பும் முன் ஏரோப்ளேன் மோடில் ஒரு பத்தியை ஓட்டிப் பாருங்கள். சத்தம் வரவில்லையென்றால் குரல் இறங்கவில்லை.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பிடிஎஃப். பழைய எழுத்துருவில் செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழ், டேப்லெட்டுக்கு வெறும் கிறுக்கல். ஒரு வரியை காப்பி செய்து நோட்ஸில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் வந்தால், எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் புதிதாக அடிக்கத்தான் வேண்டும். அடிக்கும்போது ‘ௌ’வுக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் போட்டால் குரலும் ‘கெள’ என்றுதான் வாசிக்கும். பிள்ளையின் தப்பையே மெஷின் உறுதி செய்த மாதிரி ஆகிவிடும்!

அச்செடுத்தால் 18 பாயின்ட், வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் சீர். ‘கார்’ என்று அடித்துப் பாருங்கள். காலும் ‘ர’வும் வேறுபட்டுத் தெரியும் எழுத்துருவாக எடுங்கள்.

பதில் 3 | சிறப்புப் பயிற்றுநர், சேலம்

மேலே சொன்னதோடு ஒன்று: டேப்லெட் குரல் அறிவியல், சமூக அறிவியல் பாடத்துக்கு. வாசிப்புப் பயிற்சி நேரத்தில் அதை மூடி வையுங்கள். குரல் பாடத்தைக் கொண்டு சேர்க்கும், எழுத்தைக் கற்றுத் தராது. இரண்டையும் கலந்தால் பிள்ளை காதால் கேட்டதை மனப்பாடமாக ஒப்பிக்கும், நாம் வாசிப்பு வந்துவிட்டது என்று ஏமாறுவோம்.

சான்றிதழ்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்) உண்டு. 8 வயது நிறைந்த பிறகுதான் தருவார்கள். 14-லும் 18-லும் மறுபடி மதிப்பீடு. நாலாம் வகுப்பென்றால் வயது சரிதான். விண்ணப்பம் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தளத்தில். கண், காது அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். மாதம் ஒரு சொல்வதெழுதுதல் தாள், திருத்தாமல், தேதி போட்டு எடுத்து வையுங்கள். சிவப்பு மையால் திருத்திய தாளில் பிள்ளையின் தப்பு எது, டீச்சரின் கை எது என்று தெரியாது.

பதில் 4 | மலைப்பள்ளி டீச்சர், ஏற்காடு

நன்றி சார். மழைக்காலத்தில் இங்கே மணல் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடுமே, ரவை போடலாமா?

பதில் 5 | சிறப்புப் பயிற்றுநர், சேலம்

ரவை வேண்டாம் டீச்சர், எறும்பு வந்துவிடும். மணலை வாணலியில் வறுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, வகுப்பு நேரத்தில் மட்டும் கொட்டுங்கள்.